வெத்துக்குமிழி

கும்மிடிப்பூண்டியில் ரயில் நின்றதும் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கும் பெண்கள் மொத்தமாக ஏறினார்கள். இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள். காலை ஒன்பது மணி வெயிலிலும் அவர்கள் முகங்கள் மட்டும் இன்னும் விடியாமல் இருந்தன. தேவகி மடியில் இருந்த பையை அணைத்துக்கொண்டு ஒதுங்கி இடம் விட்டாள். பையில், சூலூர்ப்பேட்டையில் பிள்ளை பெற்றிருக்கும் சித்தி மகளுக்காகக் காயவைத்த இறாலும் குழந்தைக்கு ஒரு சட்டையும் இருந்தன. பசியாவரம் தீவிலிருந்து முதல் படகில் கிளம்பி, பழவேற்காட்டில் பஸ் பிடித்து, பொன்னேரியில் ரயில் ஏறியிருந்தாள்.

எதிர் சீட்டில் இரண்டு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி உட்கார்ந்த வேகத்தில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிவிட்டாள். அவள் அட்டையில் மாலதி என்று எழுதியிருந்தது. மற்றவள் போனை முகத்துக்கு நேராகப் பிடித்து, அடுப்பில் பால் வைத்தவள் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டைப்பிங்னு வந்துச்சுடி,” என்றாள். “ரெண்டு வாட்டி வந்துச்சு. அப்பால நின்னுபோச்சு. ஒண்ணும் வரல.”

மாலதி கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள். “வெத்துக்குமிழி.”

“போடி.”

“இன்னா போடி? போன வாரமும் அவன் வெத்துக்குமிழிதான் வுட்டான். கைய வெச்சா ஒண்ணும் இருக்காது சரண்யா. தூங்கு.”

ரயில் கிளம்பியதும், யாரோ தன் காலை மிதித்துக்கொண்டு போனதும் தேவகிக்குத் தெரியவில்லை. அந்த வார்த்தை உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள். ஒன்று அவள். இன்னொன்று அவள் நாத்தனார் ஜமுனா. ஜமுனா அவளோடு பேசி மூன்று வருஷம் ஆகிறது.

பழவேற்காடு ஏரியில் கையால் இறால் தடவுகிற பெண்கள் பறியை வாயில் கடித்துக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவார்கள். பறி என்பது பனையோலையில் முடைந்த சின்னக் கூடை. இரண்டு கையும் அடிச்சேற்றைத் துழாவும். அகப்பட்ட இறால் வாயில் தொங்கும் பறிக்குள் போகும். இடுப்பளவுத் தண்ணீரில், சில இடத்தில் கழுத்தளவில், மூன்று மணி நேரம் இப்படியே. வாயில் பறி இருப்பதால் பேச்சு கிடையாது. மற்ற பெண்களுக்கு அது கஷ்டமாக இருந்ததோ என்னவோ, தேவகிக்கும் ஜமுனாவுக்கும் அதுதான் விளையாட்டாக இருந்தது. மூன்று மணி நேரம் மனதுக்குள் ஒரு வார்த்தையை உருட்டி உருட்டிச் செய்து, கரை ஏறிப் பறியைக் கீழே வைத்ததும் முதல் வேலையாக அதைச் சொல்ல வேண்டும். சொன்னதும் அடுத்தவள் சிரித்துவிட்டால் அந்த வார்த்தை நின்றது. சிரிக்காவிட்டால் அதை ஏரியிலேயே விட்டுவிட வேண்டும்.

ஊருக்குள் எல்லார் கையிலும் போன் வந்த சமயம் அது. தீவில் சிக்னல் சரியாக எடுக்காது. ஆண்கள் ஏரிக்கரையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை உயர்த்தி, கழுத்தை நீட்டி நிற்பார்கள். அவர்களுக்கு தேவகி வைத்த பெயர் டவர்க்கொக்கு. தேவகியின் புருஷன் தாமோதரன்தான் முதல் டவர்க்கொக்கு. “நைனா டவர்க்கொக்கா நிக்குது, அப்பால வரும்,” என்று அவர்கள் மகள் சுபஸ்ரீயும் வீட்டுக்குள் சொல்ல ஆரம்பித்திருந்தாள். வீடியோ காலில் முகத்தைக் காட்டாமல் மேலே சுற்றுகிற மின்விசிறியையே காட்டிக்கொண்டு பேசும் பெரியவர்கள் தருவது ஃபேன்தரிசனம். அது ஜமுனா செய்தது. செய்தியைப் பார்த்துவிட்டு, இரண்டு கோடும் நீலமான பிறகும், பதிலே போடாதவர்கள் நீலமுழுங்கி. அதையும் ஜமுனாதான் செய்தாள். அவள் புருஷன் பெயர் நீலமேகம் என்பதால் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

வெத்துக்குமிழியைச் செய்தது தேவகி. சேற்றுக்குள் பதுங்கிய நண்டோ இறாலோ மூச்சு விட்டால் தண்ணீரின் மேல் சின்னதாகக் குமிழி வரும். அந்த இடத்தில் கையை விட்டால் அகப்படும். சில நேரம் சேறு தானாகவே குமிழி விடும். ஆசையாகக் கையை விட்டால் உள்ளே ஒன்றும் இருக்காது. ஒருநாள் ஜமுனா தன் அண்ணனுக்கு ஏதோ செய்தி அனுப்பிவிட்டு, அவன் டைப் அடிக்கிறான் என்று காட்டுவதும் மறைவதுமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசிவரை எதுவும் வரவில்லை. மறுநாள் கரை ஏறியதும் தேவகி பறியை வைத்துவிட்டு அந்த வார்த்தையைச் சொன்னாள். ஜமுனா ஈரப் புடவையோடு மணலில் உட்கார்ந்து சிரித்தாள்.

ஜமுனாவுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் குழந்தை இல்லை. கேட்கிறவர்கள் எல்லாம் அவளைத்தான் கேட்டார்கள். அவளும் நீலமேகமும் யாருக்கும் சொல்லாமல் டவுனில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள். மூன்றாவது முறை போய்வந்த அன்று ஜமுனா தண்ணீருக்கு வரவில்லை. தேவகிக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். பாதிக்கு மேல் அழுகைதான். குறை அவளிடம் இல்லை, நீலமேகத்திடம்தான், மருந்தால் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

தேவகி தண்ணீரில் இறங்கும் அவசரத்தில், ஏரிக்கரையில் நின்றபடியே, பதில் பேசி அனுப்பினாள். “அடியே, அழுவாதடி. கொற தம்பிகிட்டதான்னு டாக்டரே சொல்லிட்டாரு இல்ல? இனிமே எவளாச்சும் உன்ன மலடின்னு சொல்லட்டும், நான் பாத்துக்கிறேன். நீ அழுவாத.” சிக்னல் இல்லை. செய்தி போகாமல் கடிகாரப் படத்தோடு நின்றது. அப்புறம் தானாகப் போய்விடும் என்று போனைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் படகில் வைத்துவிட்டு, பறியைக் கடித்துக்கொண்டு இறங்கினாள்.

மூன்று மணி நேரம் கழித்துக் கரை ஏறியபோது அங்கே நின்றிருந்த அங்காளம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “இன்னா தேவகி, இதெல்லாம் குழுவுல போடுவாங்களா?” என்றாள். அதற்குப் பிறகுதான் தேவகி பார்த்தாள். அவள் பேசியது ஜமுனாவுக்குப் போகவில்லை. அவசரத்தில் விரல் தொட்ட இடம் மாறி, ஊரின் மகளிர் வாட்ஸப் குழுவுக்குப் போயிருந்தது. முப்பத்தெட்டுப் பேர்.

அழித்தாள். அழித்து என்ன, அதற்குள் பல போன்களுக்குப் போயிருந்தது. அன்று சாயங்காலம் படகுத்துறையில் யாரோ ஒருவன் அதைச் சத்தமாக வைத்துப் போட்டான். நீலமேகம் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கே நின்றிருந்தான். அவன் யாரையும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. வலையை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான் என்று தாமோதரன் வந்து சொன்னான். ஒரு மாதத்துக்குள் அவர்கள் இருவரும் ஊரைவிட்டு ஆரம்பாக்கத்துக்குப் போய்விட்டார்கள். பொங்கலுக்கு தாமோதரன் மட்டும் தங்கைக்குச் சீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவான். முதல் வருஷம் தேவகியும் புடவை கட்டிக்கொண்டு கிளம்பி நின்றாள். “ஜமுனா சொல்லுது, அண்ணி வரவேணாம்னு,” என்று அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அதற்குப் பிறகு அவள் கிளம்பவில்லை.

பதினொரு குரல் செய்திகள் அனுப்பினாள். ஒன்றைக்கூட ஜமுனா கேட்கவில்லை; கேட்டிருந்தால் அந்த மைக் படம் நிறம் மாறும், மாறவே இல்லை. ஆனால் எப்போதாவது, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில், ஜமுனாவின் பெயருக்குக் கீழே டைப்பிங் என்று வரும். தேவகி அடுப்பை அணைத்துவிட்டு போனையே பார்த்துக்கொண்டு நிற்பாள். மறைந்துவிடும். அதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லிச் சிரிக்க ஆள்தான் இல்லை.

ஏளாவூர் தாண்டிவிட்டது. தேவகி முன்னால் குனிந்தாள்.

“யம்மா, இப்ப நீ ஒரு வார்த்த சொன்னியே. அத உனக்கு யார் சொல்லிக்குடுத்தது?”

மாலதி கண்ணைத் திறந்து பார்த்தாள். திட்டப்போகிற பெரிய மனுஷி என்று நினைத்திருப்பாள். சரண்யாதான் பதில் சொன்னாள். “எங்க கேன்டீன்ல ஜமுனாக்கானு ஒருத்தர் கீறாங்க. அவங்க சொல்றதுதான். கம்பெனி பூரா இப்ப அதான் ஓடுது.”

“இன்னும் இன்னா சொல்லும் அது?”

“எவ்ளோ கீது! டவர்க்கொக்கு, நீலமுழுங்கி... அப்பால இந்த மூஞ்சி காட்டி வருகைப் பதிவு போடுற மிஷின் இல்ல? நைட்டு ஷிஃப்ட் முடிச்சுட்டுப் போய் நின்னா நம்ம மூஞ்சி அதுக்குத் தெரியவே தெரியாது. ஆள் இல்லனு காட்டும். அதுக்கு மூஞ்சிமறதினு பேரு வெச்சிருக்காங்க.” சரண்யா சிரித்தாள். “சூப்பர்வைசரே மூஞ்சிமறதி ரிப்பேருனுதான் சொல்றாரு.”

மூஞ்சிமறதி. அது தேவகி செய்ததில்லை. இருவரும் சேர்ந்து செய்ததும் இல்லை. ஜமுனா தனியாகவும் செய்துகொண்டுதான் இருக்கிறாள். தேவகிக்குச் சுருக்கென்று ஒரு பொறாமை வந்தது. அதன் பின்னாலேயே, அடக்க முடியாமல், சிரிப்பும் வந்தது. அந்த வார்த்தை நின்றுவிட்டது.

“நீங்க இன்னாத்துக்குக் கேக்கறீங்க?” என்றாள் மாலதி.

“சும்மாதான். நல்லா பேசுமா அது?”

“நல்லாப் பேசும். ஆனா கேட்டா, இதெல்லாம் நான் கண்டுபுடிச்சது இல்ல, எங்க அண்ணிதான், எனக்கு அவங்க அளவுக்கு வராதுனு சொல்லும். அவங்க அண்ணி பெரிய ஆளாம். கரையேறி வாயத் தொறந்தா ஊரே சிரிக்குமாம்.”

தேவகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே உப்பங்கழியும் கருவேல மரங்களும் ஓடின. ரயில் வேகம் குறைந்தது. ஆரம்பாக்கம். பெண்கள் எழுந்தார்கள். தான் இறங்க வேண்டியது சூலூர்ப்பேட்டையில் என்பதும், சித்தி மகள் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பியிருப்பாள் என்பதும் அவளுக்குத் தெரியும். பையோடு அவளும் எழுந்தாள்.

சரண்யாதான் வழி காட்டினாள். பள்ளிக்கூடத்துக்குப் பின் தெரு, பச்சைக் கதவு. “ஆனா அக்கா இப்ப வேலையில இருக்கும். ரெண்டரைக்குதான் கம்பெனி பஸ்ஸுல வரும். அவங்க வூட்டுக்காரர் இருப்பாரு, ஷேர் ஆட்டோ ஓட்டுறாரு,” என்றாள்.

தேவகி இதை யோசித்திருக்கவில்லை. மூன்று வருஷமாக அவள் மனதுக்குள் பேசியதெல்லாம் ஜமுனாவோடுதான். தெருமுனையில் நின்று திரும்பிவிடலாமா என்று பார்த்தாள். சூலூர்ப்பேட்டைக்கு அடுத்த ரயில் எப்போது என்றுகூடத் தெரியவில்லை. பச்சைக் கதவுக்கு முன்னால் மஞ்சள் ஆட்டோ ஒன்று ஒரு பக்கம் தூக்கி நின்றது. நீலமேகம் தரையில் உட்கார்ந்து டயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். தலையில் முன்பக்கம் நரைத்திருந்தது. நிழல் விழுந்ததும் நிமிர்ந்தான்.

“வாங்கக்கா,” என்றான். எழுந்திருக்கவில்லை. “மாமா வர்லியா?”

“இல்ல தம்பி. நான் மட்டும்தான்.”

“அது வேலைக்குப் போயிருக்கு.”

“சொன்னாங்க.”

அவன் மறுபடி டயரைப் பார்த்தான். நெம்புகோலை விளிம்புக்குள் விட்டு அழுத்தினான். தேவகிக்கு வாய்வரை வந்தது, நான் வேணும்னு பண்ணல என்ற வார்த்தை. பதினொரு குரல் செய்திகளிலும் முதலில் அதைத்தான் சொல்லியிருந்தாள். இப்போது, இந்த மனுஷனுக்கு முன்னால் வெயிலில் நிற்கும்போது, அது தன்னைப் பற்றியே பேசுகிற பேச்சாகத் தெரிந்தது.

“தம்பி,” என்றாள். “அன்னிக்கு நான் பேசினது உன்னப் பத்தி. ஊர் சிரிச்சதும் உன்னப் பாத்து. மன்னிப்பு மட்டும் நான் ஜமுனாகிட்டயே கேட்டுகினு இருந்தேன். உன்கிட்ட ஒரு வாட்டிகூட கேக்கல. அதக் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல, பாரேன்.”

நீலமேகம் நெம்புகோலைக் கீழே வைத்தான். கையில் இருந்த கறுப்பை ஒரு துணியில் துடைத்தான். விரல் விரலாக, ரொம்ப நேரம் துடைத்தான்.

“ஊரு சிரிச்சதுகூடப் போவட்டும்கா,” என்றான். “அந்த ஆடியோவ அன்னிக்கு நானே நாலு வாட்டி போட்டுக் கேட்டேன். நீங்க அதுல அழுவாத, அழுவாதனு சொல்றீங்க. ஜமுனாவுக்குச் சொல்றீங்க. அன்னிக்கு ஆஸ்பத்திரியில இருந்து வந்து நானும் அழுதுகினுதான் இருந்தேன். எனக்கு யாரும் சொல்லல.”

தேவகி அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். புடவை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஒரு வார்த்தை, வெறும் ஒரு வார்த்தை சொன்னால் போதும் போலிருந்தது. வார்த்தை செய்வதில் ஊரிலேயே கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவளுக்கு ஒன்றும் வரவில்லை. நீலமேகம் உள்ளே போனான். சொம்பில் தண்ணீரோடு வந்து அவள் பக்கத்தில் வைத்தான்.

“வெயில்ல உக்காராதீங்க. உள்ள போங்க.”

“நான் போறேன் தம்பி. அது வந்தா சொல்லு.”

“நான் இன்னான்னு சொல்றது?” என்றான். முதல் முறையாகக் குரல் ஏறியது. “நான் அத பேசாதன்னு சொன்னதே இல்ல. பேசுன்னும் சொல்லல. அதுவா எனக்காகப் பேசாம இருக்குது. ஞாயித்துக்கெழமையானா போன எடுத்துகினு அந்தாண்ட போவும். எதையோ அடிக்கும், அழிக்கும். நான் பாத்துகினுதான் இருந்தேன். ஒரு வாட்டி, அனுப்பேன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. எனக்கும் மனசு வர்ல.” டயரைக் கையில் எடுத்தபடி, “உள்ள போங்கக்கா,” என்றான்.

அவன் டயரை மாட்டிக்கொண்டு சவாரிக்குப் போய்விட்டான். தேவகி அந்த ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தாள். சித்தி மகளுக்குப் போன் செய்து, உடம்பு சரியில்லை, நாளைக்கு வருகிறேன் என்றாள். அறை சுத்தமாக இருந்தது. கொடியில் ஜமுனாவின் நைட்டி, கேன்டீன் சீருடை ஒன்று, நீலமேகத்தின் காக்கிச் சட்டை. அடுப்புக்குப் பக்கத்தில் சுவரில் ஆணியடித்து ஒரு பறியை மாட்டி, அதில் பூண்டும் சின்ன வெங்காயமும் போட்டு வைத்திருந்தாள். பறியின் விளிம்பில் பல் பதிந்து பதிந்து ஓலை தேய்ந்த இடம் இருந்தது. தேவகி அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சும்மா இருக்க முடியாமல், தொட்டியில் கிடந்த இரண்டு பாத்திரங்களைக் கழுவினாள். கழுவிய பிறகு, அடுத்தவள் வீட்டில் கேட்காமல் இதைச் செய்திருக்கக் கூடாதோ என்று பயந்து, முன்பு கிடந்த மாதிரியே மறுபடி தொட்டியில் வைத்தாள்.

இரண்டு மணி தாண்டியதும் ஆட்டோ சத்தம் கேட்டது. நீலமேகம் இறங்காமலே ஹாரன் அடித்தான்.

“வாங்க. பஸ்ஸு வர்ற நேரம்.”

நெடுஞ்சாலை ஓரத்தில் ஆட்டோவை நிறுத்தினான். ஆந்திராப் பக்கம் போகிற லாரிகள் காற்றை அடித்துக்கொண்டு போயின. தேவகி பின்சீட்டில் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். கம்பெனி பஸ் வந்து நின்றது. ஏழெட்டுப் பெண்கள் இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவள் ஜமுனா. இளைத்திருந்தாள். தலையில் கேன்டீன் தொப்பியைக் கழற்ற மறந்திருந்தாள். புருஷனின் ஆட்டோவைப் பார்த்ததும் இயல்பாக நடந்து வந்தவள், பத்தடி தூரத்தில் நின்றாள்.

நீலமேகம் பின்னால் திரும்பிப் பார்க்காமல், “ஏறு,” என்றான்.

ஜமுனா அவன் முகத்தைப் பார்த்தாள். தேவகியைப் பார்க்கவில்லை. அவன் மறுபடி, இம்முறை மெதுவாக, “ஏறு ஜமுனா,” என்றான். அவள் ஏறினாள். ஏறி, மறு ஓரத்தில், கம்பியை ஒட்டி உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் இருந்தது.

ஆட்டோ கிளம்பி நூறடி போவதற்குள் கையைக் காட்டிய ஒரு பெண்ணுக்காக நின்றது. காய்கறிப் பையோடு ஏறியவள், “இன்னாம்மா, கம்பிகிட்ட உக்காந்துகினா நான் எங்க உக்கார்றது, உள்ள தள்ளு,” என்று ஜமுனாவை நகர்த்தினாள். ஜமுனா நகர்ந்தாள். அடுத்த நிறுத்தத்தில் பள்ளிக்கூடச் சிறுமி ஒருத்தியும் அவள் அம்மாவும் ஏறினார்கள். ஜமுனா இன்னும் நகர்ந்தாள். இப்போது அவள் தோள் தேவகியின் தோளில் அழுந்தியது. சாம்பார் வாசனையும் வியர்வையும், தண்ணீரில் எத்தனையோ வருஷம் பக்கத்தில் நின்ற உடம்பின் சூடும்.

காய்கறிக்காரி இருவரையும் பார்த்தாள். “அக்கா தங்கச்சியா?”

வெளியே பார்த்துக்கொண்டே ஜமுனா, “அண்ணி,” என்றாள். கேள்விக்குப் பதிலா, கூப்பிட்டாளா என்று தெரியாதபடி சொன்னாள்.

“அதான பாத்தேன், மூஞ்சி ரெண்டும் ரெண்டு பக்கம் கீது,” என்று காய்கறிக்காரி தானே சொல்லித் தானே சிரித்தாள். முன்னால் நீலமேகத்தின் முதுகு லேசாகக் குலுங்கியது.

ஆட்டோவில் இடமே இல்லை. இருந்தும் அவன் வேகத்தைக் குறைத்தான். வேப்ப மரத்தடியில் ஒரு கிழவர் கையை ஆட்டிக்கொண்டு நின்றிருந்தார். “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க,” என்று நீலமேகம் பொதுவாகச் சொன்னான். எல்லாரும் முனகிக்கொண்டே நெருங்கினார்கள். மடியில் வைத்திருந்த கேன்டீன் சாப்பாட்டுப் பைக்கு இடம் போதாமல் ஜமுனா அதை மேலே தூக்கினாள், ஒரு கணம் எங்கே வைப்பது என்று பார்த்தாள், பிறகு தேவகியின் மடியில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. பை சாயாமல் பிடித்துக்கொண்டாள். பைக்குள் டப்பா இன்னும் சூடாக இருந்தது. கிழவர் ஒரு காலை உள்ளே வைத்து, இன்னொரு காலுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார்.